ஊர் திரும்புகிறவர்கள் கேட்டவை: பேராவூரணியிலிருந்து பதில்கள்

சிங்கப்பூரில் 14 வருடம் இருந்துவிட்டு 2017-இல் ஊரோடு வந்துவிட்டவன் நான். பணம், பட்டா, வீடு பற்றிக் கேளுங்கள்.

கே (துபாய்): அடுத்த மாதம் மொத்தமாக வந்துவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் போட்டுவந்த என்ஆர்இ கணக்கு அப்படியே இருக்கட்டுமா?

ப: கூடாது. வங்கியில் சொல்லி சாதாரணக் கணக்காகவோ, ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்றிவிடுங்கள். டாலர் மாதிரி வெளிநாட்டுப் பணத்தில் போட்ட எஃப்சிஎன்ஆர் வைப்பு மட்டும் முதிர்வுவரை ஓடலாம்.

கே (சிங்கப்பூர்): அப்பா காலமாகிவிட்டார். அவர் பெயரில் உள்ள ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டலாமா?

ப: முதல் வருடம் ஒரு செங்கலைக்கூடத் தொடாதீர்கள். முதலில் வாரிசுச் சான்று. அப்புறம் பாகப்பிரிவினையோ, கூடப்பிறந்தவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ. அக்கா தங்கைக்கும் பங்கு உண்டு. அதன் பிறகுதான் பட்டா மாறுதல். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். சித்தப்பாவுக்கு அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னது அதில் இருக்காது.

நான் வந்த வேகத்தில் பழைய வீட்டுக்குப் பின்னால் மாடி கட்டினேன், பிள்ளைகள் வந்தால் தங்க என்று இரண்டு அறை, இரண்டு பாத்ரூம். இப்போது அங்கே தேங்காய் மட்டையும் கிழிந்த பாயும் கிடக்கின்றன. அம்மா திண்ணையை விட்டு நகரவில்லை.

கே (தோப்புக்காரன்): அண்ணே, கஜா புயல் அன்றைக்கு ஓட்டு வீட்டில் படுத்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?

ப: சரி, ஒப்புக்கொள்கிறேன் தம்பி. 2018 நவம்பர் 16 விடிகாலை ஓடுகள் பறந்தபோது பாதித் தெரு என் மாடி வீட்டில்தான் நின்றது. அம்மாவும்தான்.

கே (தோப்புக்காரன்): அப்ப மாடி வேணும்தானே?

ப: வேண்டும். வந்த முதல் மாதமே வேண்டாம் என்கிறேன். இரண்டும் வேற.

கே (ஓமன்): குறுக்கே வருகிறேன். இடிக்காமல் ஓடு மாற்றலாம் என்றால் வேய ஆள் எங்கே?

ப: நல்ல கேள்வி. எனக்கு மூன்று மாதம் ஆனது. வந்தவருக்கு எழுபது வயது.

கே (குவைத்): என்ஆர்இ கணக்கை என்ன செய்வது?

ப: மேலே பாருங்கள்.

கே (கத்தார்): இங்கிருந்தபடியே தென்னந்தோப்பு வாங்கலாமா?

ப: என்ஆர்ஐயாக இருக்கும்வரை விவசாய நிலமும் தோப்பும் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மச்சான் பெயரில் வாங்கிப் போடாதீர்கள், அதற்குப் பெயர் பினாமி. ஊருக்கு வந்த பிறகு வாங்குங்கள், அதுவும் முதல் வருடம் வேண்டாம். கஜாவில் சாய்ந்ததற்குப் பதிலாக நான் வைத்த நெட்டைக் கன்றுகள் பாளை விடவே ஆறு வருடம் ஆகிவிட்டது.

கே (மலேசியா): பையனுக்குத் தமிழ் எழுத வராது. எந்தப் பள்ளி?

ப: வாத்தியார் யாரையாவது கேளுங்கள்.

கே (சவூதி): டீக்கடையில் தினமும் ‘எப்ப திரும்பப் போறே?’ என்கிறார்கள்.

ப: என்னையும் கேட்டார்கள். கஜாவுக்குப் பிறகு தண்ணி லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றேன், அதிலிருந்து கேட்பதில்லை.

கே (பஹ்ரைன்): என்ஆர்இ கணக்கு...

ப: வங்கிக்குப் போங்கள் ஐயா. நாளைக்குத் தோப்பில் தேங்காய் வெட்டு. மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.