பர்மா காலனியிலிருந்து ஒரு கடிதம்: “இது என் ஆசையா, அப்பாவை எதிர்க்கும் ஆசையா?”

வணக்கம் மேடம்,

எனக்கு 26 வயது. காரைக்குடி பர்மா காலனியில் பிறந்து வளர்ந்தவள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறேன். புனேயில் ஓர் ஆய்வகத்தில் பேட்டரி பற்றிய ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சந்தோஷமான விஷயம்தானே என்பீர்கள். வீட்டில் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: “மறுபடியும் ஊரை விட்டா?”

தாத்தா பர்மாவில் பெகு என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருடம் கப்பல் ஏறும்போது துறைமுகத்தில் அப்பத்தாவின் காதுத்தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. மெட்ராஸில் இறங்கி, முகாமில் இருந்து, கடைசியில் காரைக்குடி வந்து சேர்ந்தார்கள். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தச் செல்லாத 100 கியாட் நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பாச்சை உருண்டை வாசனையோடு. வீட்டில் யாராவது பணம் சேர்ந்துவிட்டது என்று பேசினால் அப்பத்தா அதை எடுத்துக் காட்டும்.

அப்பா பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். இளவயதில் அவருக்கு ஒரு அரசு வேலை கைக்கு எட்டி நழுவியது. பர்மாவில் பிறந்ததால் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டில் காகிதம் என்றால் சாமி மாதிரி. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், நான் ஆறாம் வகுப்பில் வாங்கிய கட்டுரைப் போட்டிச் சான்றிதழ் வரை லேமினேட் பண்ணி பீரோவில் அடுக்கி வைத்திருப்பார். அப்பத்தாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவும் ஏழாவதோடு சரி. பத்து வயதிலிருந்தே பேங்க் சலான் எழுதுவது, தாலுகா ஆபீஸ் மனு எழுதுவது எல்லாம் நான்தான். “எம்பொண்ணு கெவர்மென்ட்டு சீட்டுல உக்காந்துட்டா நம்மள எவனும் அசைக்க முடியாது” என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். குரூப் 2, குரூப் 4 எல்லாம் அவருக்காகத்தான் எழுதினேன். கிடைக்கவில்லை. அடுத்ததும் எழுது என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. கானாடுகாத்தானில் என் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் ஆச்சி முகப்புத் தூணைத் தட்டிக் காட்டி, “ரங்கூன் தேக்குத்தா, எங்க அய்யா கொண்டுவிக்கப் போன காலத்துல வந்தது” என்றார்கள். நானும் ஆசையாக, “எங்க தாத்தாவும் பர்மாவுலதான் ஆச்சி இருந்தாங்க” என்றேன். “ஓ, காலனிக்காரவுகளா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்கள். அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் “பூர்வீகம் எது?” என்று கேட்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. தாத்தா பிறந்த ஊர் திருவாடானைப் பக்கம். அங்கே குலதெய்வம் கும்பிடப் போனால், எங்களுக்குப் பாய் விரித்து, காபி கொடுத்து, விருந்தாளி மாதிரி நடத்துகிறார்கள். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பில் யாரும் எங்களை ஒரு வேலை சொல்வதில்லை.

சில நாள் இரவு தூக்கம் வருவதில்லை. எனக்குப் பேட்டரி ஆராய்ச்சி நிஜமாகவே பிடிக்கிறதா, இல்லை அப்பா சொல்வதற்கு நேர்மாறாக எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா? நான் புனே போனால் அது அப்பாவுக்குச் செய்யும் துரோகமா?

— பெயர் வேண்டாம், காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

துரோகம் என்ற சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் யோசிக்க முடியாது. யோசிக்கத் தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

உங்கள் வீட்டு ஏற்பாடு, ஊரையும் நாட்டையும் விட்டு வந்த குடும்பங்களில் உலகம் முழுக்க இருக்கிறது. நியூயார்க்கில் குடியேறிய மெக்சிகோக் குடும்பங்களிடையே பல வருடம் பழகி எழுதிய ராபர்ட் கோர்ட்னி ஸ்மித் என்ற சமூகவியலாளர் இதை ஒரு பேரம் என்றே சொல்கிறார். பெற்றோர் பட்ட பாட்டுக்குப் பிள்ளையின் வெற்றிதான் ஈடு. யாரும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் வளர்ந்த சிவகங்கைச் சீமைப் பிள்ளைகளும் என்னிடம் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். இந்தப் பேரத்தால் நல்லதும் நடக்கிறது. பத்து வயதில் சலான் எழுதிய பெண்ணுக்கு ஒரு பொறுப்பு, ஒரு தைரியம் வந்துவிடுகிறது. நெட் தேர்வு வரை உங்களைக் கொண்டுவந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கஷ்டம் எங்கே என்றால், பத்து வயதில் குடும்பத்தின் எழுத்தராக ஆன பிள்ளைக்கு, தனக்கு என்ன பிடிக்கும் என்று சும்மா அலைந்து பார்க்க நேரம் இருப்பதில்லை.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் இதைப் பற்றி எழுதினார். சில இளைஞர்கள் எதையும் தேடிப் பார்க்காமலே, வீட்டில் தைத்துக் கொடுத்த சட்டையைப் போல ஒரு வாழ்க்கையைப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பத் தெளிவாக இருப்பார்கள். எல்லாம் உள்ளுக்குள் ஒரு நாள் உறுத்தும்போதுதான் தெரியும். அவருக்கு முன்னோடியான எரிக் எரிக்சன் இதன் மறுபக்கத்தையும் சொன்னார்: வீடு எதை வேண்டாம் என்கிறதோ அதையே பிடித்துக்கொள்வது. அதுவும் சுதந்திரம் இல்லை, ஏனென்றால் அப்போதும் வீடுதான் தீர்மானிக்கிறது. இதை எழுதிய எரிக்சன் ஜெர்மனியில் வளர்ந்தவர். யூதப் பள்ளியில் அவரை வெள்ளைத்தோல் நீலக்கண் வட ஐரோப்பியன் என்று கேலி செய்தார்கள், மற்றப் பள்ளியில் யூதன் என்றார்கள். பிறகு 1933-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பெயரையே மாற்றிக்கொண்டார். கானாடுகாத்தான் முகப்பிலும் திருவாடானைப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலிலும் நீங்கள் நின்ற நிலை அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேட்டரி ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் இருக்கும் ஊரிலேயே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பேட்டரிக்கு நாடு முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன்? அங்கே விண்ணப்பித்து இடம் கிடைக்கவில்லையா, வழிகாட்டி பிடிக்கவில்லையா, அல்லது விண்ணப்பிக்கவே இல்லையா? குறை சொல்லக் கேட்கவில்லை. விண்ணப்பிக்கவே இல்லை என்றால், உங்களுக்கு வேண்டியது ஆராய்ச்சி மட்டும் இல்லை, “காலனிக்காரவுகளா” என்று யாரும் கேட்காத ஓர் ஊரும்தான். அதுவும் நியாயமான ஆசைதான். 26 வயதில் கொஞ்ச காலம் பூர்வீகம் இல்லாமல் இருந்து பார்க்க விரும்புவதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், புனேயில் ஆய்வு ஒரு மாதம் சரியாகப் போகாதபோது எதற்காக வந்தோம் என்றே தெரியாமல் போகும். (ஆராய்ச்சியில் சரியாகப் போகாத மாதங்கள் நிறைய வரும். அதையும் யோசித்து வையுங்கள்.)

அந்த ஆச்சி சொன்னதைப் பற்றி எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் 1964-ஐ “நம்ம நேரம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு, உலகம் எந்த நேரமும் எதையும் பிடுங்கிக்கொள்ளும் என்று படித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போனார்கள். அடமான நிலங்கள் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின், அதாவது உங்கள் தோழி வீட்டாரைப் போன்ற நகரத்தாரின், கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம் 1938-ல் சுமார் 25 சதவீதம் ஆனது. அந்தக் கோபம் எல்லா இந்தியர் மீதும் பரவியது. ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சிக்கு வந்தபின், லேவாதேவியே செய்யாத உங்கள் தாத்தாவின் பலசரக்குக் கடைக்கும் அதில் தப்பிக்க வழியில்லை. தோழி வீட்டுத் தூணும் உங்கள் வீட்டு நோட்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நகரத்தார் இழந்ததும் கொஞ்சமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பாருங்கள். எத்தனை வீட்டுத் தூணும் நிலையும் அங்கே விலைக்கு நிற்கின்றன. இதெல்லாம் உங்கள் வலியைக் குறைக்காது. ஆனால் காரணம் தெரிந்த இழப்பு, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும் என்ற பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கும். உங்கள் அப்பாவுக்கு இதை யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு வருவோம். அவருடையது வெறும் பயம் என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு காகிதம் இல்லாததால் வேலை போனவர், காகிதத்தை நம்பச் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. அவர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பணத்தைப் பற்றியது. அதற்கு நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. எத்தனை வருடத்துக்கு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும், உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கணக்கு எழுதுகிற மனிதர் அவர். வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுத்தால் படிப்பார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. “ஏன் என்னைத் தடுக்கிறீர்கள்?” என்று கேட்காமல், கப்பலைப் பற்றிக் கேளுங்கள். ஆறு வயதுப் பையனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது, முகாமில் என்ன சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்த வேலை போன அன்று வீட்டுக்கு வந்து யாரிடம் சொன்னார். அப்பத்தா பக்கத்தில் இருக்கட்டும், அது நடுவில் திருத்தும். பாதிக் கதைதான் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். “மறுபடியும்” என்று அவர் சொன்னாரே, அவரைப் பொறுத்தவரை ஊரை விட்டுப் போவது என்றால் திரும்பி வர முடியாது. உங்களுக்கு அப்படி இல்லை. புனேயிலிருந்து பொங்கலுக்கு ரயில் ஏறி வந்துவிடலாம். இந்த வித்தியாசத்தை வாதம் செய்து புரியவைக்க முடியாது, முதல் பொங்கலுக்கு வந்து நின்றால்தான் புரியும்.

ஒருவேளை அவர் கடைசிவரை சம்மதிக்காமல் போகலாம். அப்படியும் நடக்கும். அப்போது அவருடைய வருத்தத்தை அவரிடமே விட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அவர் வருத்தப்படாமல் இருக்க நீங்கள் இன்னொரு குரூப் தேர்வு எழுதினால், அதற்கான கோபத்தையும் ஒரு நாள் அவர் மேல்தான் இறக்குவீர்கள்.

சேர்க்கைக் கடிதத்தில் கடைசித் தேதி போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். குழப்பத்திலேயே அந்தத் தேதி தாண்டிவிடக் கூடாது. தூக்கம் வராதது இன்னும் தொடர்ந்தால் தள்ளிப் போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ராத்திரி யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.