மழைல பல நாள் நடைக்கு: போஞ்சோவா, ஜாக்கெட்டா?

ஐப்பசி கார்த்திகைல கொடைக்கானல், மேகமலைப் பக்கம் பை தூக்கி நடக்கவும், அடுத்த ஆகஸ்ட்ல உத்தரகாண்ட் வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ் (இமயமலைப் பூப்பள்ளத்தாக்கு) போகவும் சேத்து ஒரே ரெயின் ஜாக்கெட், அதுவும் 20,000 எம்எம் போட்டதா பாத்து வாங்கிரலாமான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா வேணாம். நம்ம ஊர் மலைக்கு போஞ்சோ, அதாவது தலைவழியா மாட்டிக்கிற தொளதொள மழைப்போர்வை, இமயமலைக்கு ஜாக்கெட். முதல்ல எங்க போறீங்களோ அதுக்கு மட்டும் இப்ப வாங்குங்க.

ஜாக்கெட்டோட டேக்ல ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர், துணி மேல எவ்வளவு உயரத்துக்கு தண்ணி நின்னா கசியாம தாங்கும்ங்கிறது. 10,000 எம்எம்னா பத்து மீட்டர் தண்ணி. மழைத்துளிக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்ல, ஆனா பையோட பட்டை தோள்ல அழுத்துற எடத்துலயும் ஈரப்பாறைல உக்காரும்போதும் தண்ணி உள்ள ஏறப் பாக்கும், அதுக்குத்தான் 10,000 பக்கமா வேணும்ங்கிறது. அதுக்கு மேல குடுக்குற காசு என் கணக்குல வீண்.

ரெண்டாவது நம்பர், வேர்வை ஆவி எவ்வளவு வெளிய போகும்ங்கிறது, ஒரு சதுர மீட்டர் துணில 24 மணி நேரத்துக்கு இத்தனை கிராம்னு. விக்கிறவங்க பெருசா பேசுறது இதத்தான், ஆனா அது லேப்ல எடுத்த கணக்கு. கோர்டெக்ஸ்ங்கிற பேர்போன மழைத்துணியா இருந்தாலும் சரி வேற எந்தத் துணியா இருந்தாலும் சரி, உள்ள சூடும் ஈரமும் கூடவும் வெளிய கொறச்சலாவும் இருந்தாத்தான் ஆவி வெளிய தள்ளும். மழை நேரத்துல பெரியகுளம் பக்கம் கும்பக்கரைல இருந்து வெள்ளகவி மலைக்கிராமத்துக்கு ஏறுறீங்கன்னு வைங்க, வெளிக்காத்தே முழுசா ஈரம், புழுக்கம் வேற, முதுகுல பத்து கிலோ, ஆளு ஊத்து ஊத்துன்னு ஊத்துவீங்க, அந்த வேர்வை எங்கிட்டுப் போகும்? உள்ளயேதான் கெடக்கும். அரை மணி நேரத்துல மழைல நனைஞ்சவரும் ஜாக்கெட் போட்டவரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க, ஜாக்கெட் போட்டவர் கொஞ்சம் வெந்துபோயி இருப்பாரு.

அதனாலதான் போஞ்சோ. நம்ம பக்கம் வயக்காட்டுல மழைக்கு சாக்க மடிச்சு கொங்காணி போடுவாங்கள்ல, தலையும் முதுகும் மறையும், முன்னாடி காத்தாட இருக்கும், கிட்டத்தட்ட அதே வேலைதான். பையையும் சேத்து மூடிக்கும். சிலிக்கான் பூசுன நைலான்ல கெடைக்கிறது 300 கிராம் பக்கம்தான் இருக்கும், ராத்திரி கயிறு கட்டி மேல கூரையாவும் போட்டுக்கலாம். கொறை இல்லாம இல்ல. காத்தடிச்சா பட்டம் மாதிரி தூக்கும், அதுக்கு இடுப்புல ஒரு கயிறக் கட்டிக்கோங்க. எறக்கத்துல கால் வைக்கிற எடம் தெரியாது, உண்ணிச்செடி முள்ளு மாட்டுனா கிழியும். மரத்துக்கு அடியிலயே போற பாதைன்னா சாதாரணக் குடையே போதும்னு சொல்லுவேன், சிரிக்காதீங்க, வேர்க்காது, மூஞ்சில தண்ணி அடிக்காது. ஆனா மொட்டைப் பாறைலயும் இடி மின்னல்லயும் குடையப் பிடிச்சுட்டு நிக்காதீங்க.

வண்டில போட்டுட்டுப் போற ரெயின்கோட்டு மட்டும் வேணவே வேணாம், கனம், உள்ள அவிஞ்சிருவீங்க.

ஜாக்கெட்ட விட முக்கியம், பைக்குள்ள இருக்கிறது நனையாம இருக்கணும். பையோட வர்ற ரெயின் கவர நம்பாதீங்க, அது வெளிப்பக்கத்தத்தான் மூடும், முதுகோட ஒட்டுற பக்கம் வழியா தண்ணி எறங்கிரும். நல்ல கனமான பெரிய பாலித்தீன் பை ஒண்ணு, உள்ள விட்டு, சாமானெல்லாம் அதுக்குள்ள வச்சு வாய முறுக்கிக் கட்டிருங்க. படுக்கும்போது போடுற ஒரு செட் துணியும் சாக்ஸும் தனிக் கவர்ல, அத நடக்கும்போது எடுக்கவே கூடாது. காலைல மறுபடி ஈரத்துணியத்தான் போடணும், கடுப்பாத்தான் இருக்கும். ஜீன்ஸ், காட்டன் ரெண்டும் வீட்டுலயே இருக்கட்டும்.

வாட்டர்ப்ரூஃப் ஷூவும் நம்மூர் மழைக்கு ஒத்து வராது. மேல் வழியா தண்ணி போச்சுன்னா வெளிய வராது. வலைத்துணி ஷூன்னா நனையும், ஆனா வடிஞ்சுரும். அட்டைக்கு முழங்கால் வரைக்கும் வர்ற லீச் சாக்ஸ் போட்டுக்கோங்க.

உத்தரகாண்ட் கதை வேற. அங்க ஜூலை ஆகஸ்ட்தான் பூவும், நல்ல மழையும். தங்குற காங்கரியாவே 3,000 மீட்டர் ஒசரம், பக்கத்துல ஹேம்குண்ட் குருத்வாராவுக்கு ஏறுனா 4,000 தாண்டிரும். நனைஞ்சு காத்துல நின்னா ஒடம்புச் சூடு எறங்கி ஆபத்தாயிரும், அங்க ஜாக்கெட் மழைக்கு மட்டுமில்ல, குளிர்காத்தத் தடுக்கவும் வேணும். வெளிய குளிரா இருக்கிறதால ஆவியும் ஓரளவு போகும். வாங்கும்போது அக்குள்ல ஜிப் இருக்கான்னு பாருங்க, எனக்கு அதுதான் அந்த ரெண்டாவது நம்பர விடப் பெருசு. தையல் எல்லாத்துலயும் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கணும், தொப்பிக்கு முன்னாடி வெறைப்பா ஒரு விளிம்பு, உள்ள ஒரு ஃப்ளீஸ் (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற குளிர்ச்சட்டை) போடுற அளவுக்கு லூசு. ரெயின் பேண்டும் அங்க அவசியம், இங்க தண்டம்.

அப்புறம் மேகமலைன்னு சொன்னீங்க, அது 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், நெனச்ச எடத்துல கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்ல குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல சிக்கி இறந்ததுக்கு அப்புறம் விதியெல்லாம் கடுமை. வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு தளத்துல எந்தப் பாதை தெறந்திருக்குன்னு பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க, பெருமழைன்னா வனத்துறையே பாதைய மூடிருவாங்க.

வந்ததும் போஞ்சோவோ ஜாக்கெட்டோ ஈரத்தோட சுருட்டி பீரோல வைக்காதீங்க, நம்ம ஊர் சூட்டுக்கு உள்ள இருக்கிற பூச்சு பிசுபிசுத்து உரிஞ்சு வந்துரும். நெழல்ல காயப்போட்டு மாட்டி வைங்க. ஜாக்கெட் மேல தண்ணி முத்து முத்தா நிக்காம துணியே ஊற ஆரம்பிச்சா புதுசு வாங்க ஓட வேணாம், லேசான சோப்புல அலசி, லேபிள்ல சொல்லியிருந்தா கொஞ்சமா சூடு காட்டுனா பெரும்பாலும் சரியாயிரும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க.