கடவுளிடம் தன்னை ஒப்புக்கொடுத்தால் ‘நான்’ என்பதே அழிந்துவிடுமா?

அழியாது. இதற்கு விவிலியத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான உதாரணம், கிறிஸ்துவின் அப்போஸ்தலராகிய பவுல்தான். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் தன் பெருமைகளை அவரே அடுக்குகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர், பென்யமீன் கோத்திரத்தார், யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் பிரிவினர், நியாயப்பிரமாணத்தின்படி, அதாவது மோசேயின் சட்டப்படி, குற்றம் காண முடியாதவர். அடுத்த மூச்சிலேயே, கிறிஸ்துவை அறிகிற மேன்மைக்கு முன் இவை எல்லாம் குப்பை என்கிறார். அதுவும் சிறையில் இருந்துகொண்டு!

ஆனால் கவனியுங்கள், அவர் யூதராக இருப்பதை விட்டுவிடவில்லை. கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார். எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தான் ரோமக் குடிமகன் என்று சொல்லித் தடுத்தார். குலமும் தொழிலும் குடியுரிமையும் அவரிடமே இருந்தன. அவற்றைக் கொண்டு தன் மதிப்பை அளப்பதைத்தான் கைவிட்டார். கலாத்தியர் 2:20இல் கிறிஸ்துவே தனக்குள் வாழ்கிறார் என்பவர், அதே வசனத்தில் அந்தக் கிறிஸ்து தன்னை நேசித்துத் தனக்காக உயிரைக் கொடுத்தார் என்றும் சொல்கிறார். நேசிக்கப்படுவதற்கு ஒருவர் இருந்தாக வேண்டுமல்லவா?

ஒப்புக்கொடுத்தல் என்ற பெயரில் எல்லா அநியாயத்தையும் வாய்மூடிச் சகிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று முதலில் மனம்விட்டுக் கேட்டார். அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்கு விட்டார். நீங்களும் உங்கள் பயத்தையும் கோபத்தையும் மறைக்காமல் சொல்லி ஜெபத்தைத் தொடங்கலாம்.