புழுவா, பூச்சியா? மீன் தொட்டி கேள்வி-பதில்

கப்பி மீன் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளுகின்றன. மீன் பேன்களா? இது நரம்புச் சிலந்திப் பூச்சி என்று அம்மா பயப்படுகிறார். (கோபி)

பேன் இல்லைங்க, சைக்ளோப்ஸ். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சும்மா நிற்கும், திடீரென்று யாரோ சுண்டிவிட்டது போல ஒரு தாவு தாவும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நெற்றியில் ஒற்றைக் கண், பெண்ணாக இருந்தால் வாலோரம் இரண்டு முட்டைப் பைகள்.

அம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்பது குடிக்கும் தண்ணீரோடு மனித உடலுக்குள் போய் வளரும் கினியா புழு. அதன் குஞ்சு வளர்ந்தது இந்தச் சைக்ளோப்ஸின் வயிற்றில்தான். படிக்கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதும் அதனால்தான். ஆனால் நோய் கண்ட மனிதர் தண்ணீரில் இறங்கினால்தான் குஞ்சு சைக்ளோப்ஸுக்குள் போகும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல். ஆகவே அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். கப்பிக்கு இது நல்ல தீனி. மீன் தின்றும் குறையவில்லை என்றால் நீங்கள் போடும் தீனிதான் அதிகம்.

வெள்ளை நூல் போலப் புழுக்கள். பிளனேரியாவா? (சூலூர்)

தலையைப் பாருங்கள். முக்கோணத் தலை, அதில் இரண்டு கண் புள்ளி, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போகிறது என்றால் பிளனேரியா என்ற தட்டைப்புழு. முடி போல மெலிந்து, தண்ணீரில் நெளிந்து நெளிந்து போனால் கசடு தின்னும் புழு. அடிக்கசடைச் சைபன் குழாயால் உறிஞ்சி எடுத்து, நாலு நாள் தீனியைக் குறைத்தால் அடங்கிவிடும்.

பிளனேரியா இறால் தொட்டியில் முட்டையையும் குட்டியையும் தின்னும். விரலால் நசுக்காதீர்கள், துண்டானால் ஒவ்வொன்றும் ஒரு புழுவாகிவிடும். மூடியில் ஓட்டை போட்ட சின்ன பாட்டிலில் கோழிக்கறித் துணுக்கு வைத்து ராத்திரி இறக்குங்கள், விடிவதற்குள் எடுத்துவிடுங்கள். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் பென்பென்டசோல் இதைக் கொல்லும்தான், நத்தையையும் சேர்த்து. செத்த புழுக்களால் தண்ணீரும் கெடும். ஆட்டு அளவைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

வாய்க்காலில் எடுத்த செடி போட்டதிலிருந்து கப்பிக் குட்டிகள் குறைகின்றன. வாலில் மூன்று இலை கொண்ட பூச்சி ஒன்று தெரிகிறது. (பொள்ளாச்சி)

அவசரமாகப் பிடிக்க வேண்டியது இதைத்தான். ஊசித்தட்டானின் இளம்பூச்சி. அந்த மூன்று இலைகளும் செவுள்கள். கீழ்த்தாடையை முகத்துக்கடியில் கை போல மடித்து வைத்திருக்கும்; குட்டி பக்கத்தில் வந்ததும் சட்டென்று நீட்டிக் கவ்வும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். காலிங்கராயன் வாய்க்கால் செடி. 23 குட்டிகள் பத்து நாளில் ஒன்பதாயின. பாவம், பெரிய ஆண் கப்பிதான் தின்கிறது என்று அதைப் பக்கெட்டுக்கு மாற்றினேன். ஒரு காலையில் தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த பில்டர் குழாயில் ஒரு காலித் தோல், முதுகு பிளந்து, ஆறு காலாலும் குழாயைக் கவ்விக்கொண்டு. தின்றவர் பறந்துவிட்டிருந்தார்.

மருந்து வேண்டாம், கைவலை போதும். இருட்டியபின் டார்ச் அடித்துச் செடி நடுவே தேடுங்கள். இனி எந்தச் செடியானாலும் இரண்டு மூன்று வாரம் தனி பக்கெட்டில் வைத்துப் பார்த்துப் போடுங்கள்.

செடித் தண்டில் பச்சையாக, கைகள் விரித்த ஏதோ ஒன்று. தொட்டால் புள்ளியாகச் சுருங்குகிறது. (பெருந்துறை)

ஹைட்ரா. டிரம்பிளே என்பவர் 1740களில் இதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார், ஒவ்வொரு துண்டும் முழு ஹைட்ராவாக வளர்ந்தது. எனவே சுரண்டாதீர்கள், ஒட்டிய இலையோடு கிள்ளி எடுங்கள். கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது, பிறந்த குட்டிகளுக்கு ஆபத்து. ஆர்டீமியா (தீனியாகப் போடும் உப்புநீர் இறால் குஞ்சு) போடுவதை நிறுத்துங்கள், அதைத் தின்றுதான் பெருகுகிறது. கௌராமி மீன் இருந்தால் ஹைட்ராவை அதுவே மேய்ந்துவிடும்.

நத்தை பெருகிவிட்டது, கொல்லலாமா? (கரூர்)

எதற்கு? ராத்திரி வெள்ளரித் துண்டு போட்டு, காலையில் மொய்த்த நத்தைகளோடு எடுங்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஓடு நன்றாகவே வளரும். சிறுவாணித் தண்ணீர் ஊற்றும் கோவைக்காரர்களுக்குத்தான் ஓடு வெளுத்துக் குழி விழும் பிரச்சினை.

தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டில் ரத்தச் சிவப்பில் புழு. (அவிநாசி)

கடிக்காத ஒருவகைக் கொசு போன்ற ஈயின் புழு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பு. மீன் தீனியென்று கடையில் காசு கொடுத்து வாங்குவது இதையேதான், அலசித் தொட்டியில் போடுங்கள்.