ஓடுகிற மைனிங் கருவி எல்லாம் உழைக்கிற கருவி அல்ல

கேள்வி (வேளச்சேரி): பிட்காயின் மைனிங் செய்யும், அதாவது ஓயாமல் கணக்குப் போட்டுப் புதிய பிட்காயின் ஈட்டும், பழைய ஆன்ட்மைனர் எஸ்9 கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பழுதில்லாமல் ஓடுகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2016-இல் வந்த அந்தக் கருவி, ஒரு டெராஹாஷ் (ஒரு லட்சம் கோடி ஹாஷ் கணக்குகள்) கணக்கிடச் சுமார் 98 ஜூல் மின்னாற்றல் எடுத்துக்கொள்கிறது. அதே வேலைக்கு 2020-இல் வந்த எஸ்19 ப்ரோவுக்கு 29.5 ஜூலும், 2023-இல் அறிவிக்கப்பட்ட எஸ்21-க்கு 17.5 ஜூலும் போதும். நாள் முழுவதும் ஓடினால் எஸ்9 ஏறத்தாழ 32 யூனிட் இழுக்கும் என்பதால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் அது மட்டுமே 1,900 யூனிட்டைத் தாண்டி, உங்கள் வீட்டு இணைப்பைக் கட்டணத்தின் உச்சப் படிக்குக் கொண்டுபோய்விடும். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுப்பை) முடிப்பவருக்குக் கிடைக்கும் புதிய பிட்காயின் 6.25-இலிருந்து 3.125 ஆகக் குறைந்தது. கருவி இழுக்கும் மின்சாரமோ குறையவில்லை. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கேள்வி (அம்பத்தூர்): ஈத்தரியம் (இன்னொரு கிரிப்டோ நாணயம்) மைனிங்குக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டுகளை மீண்டும் ஓட்டலாமா?

பதில்: 2022 செப்டம்பர் 15 முதல் ஈத்தரியத்தில் மைனிங்கே கிடையாது. வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): எஸ்19 ப்ரோவை ஏசி அறையில் வைத்தால் நீண்ட நாள் உழைக்குமா?

பதில்: அது எடுக்கும் 3,250 வாட்டும் வெப்பமாகவே வெளியேறும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 3,500 வாட் வெப்பம் என்பதால், ஏறக்குறைய ஒரு முழு ஏசி இதற்காகவே ஓட வேண்டும்; அந்தச் செலவு விளம்பரத்தில் உள்ள ஜூல் கணக்கில் சேராது. சூடான காற்றைக் குழாய் வைத்து வெளியே தள்ளுங்கள். சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சற்றுக் குறைத்து ஓட்டினால் டெராஹாஷுக்கான ஜூலும் குறையும், சூடும் தணியும். அக்னி நட்சத்திர நாட்களில் நான் பரிந்துரைப்பது இதையே.

கேள்வி (பெசன்ட் நகர்): இரண்டே ஆண்டில் ஹாஷ்போர்டு (கணக்கிடும் சிப்புகள் உள்ள பலகை) போய்விட்டது. என்ன காரணம்?

பதில்: உப்புக் காற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கடலோர வீடொன்றில் ஓடிய கருவியை நான் திறந்தபோது, ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் தூசும் ஈரமும் சேர்ந்து களியாக அப்பியிருந்தன. இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஓடும்போது உள்ளிருக்கும் சூடு ஈரத்தை விரட்டிவிடும். அணைத்து வைத்த கருவி குளிர்ந்ததும் ஈரம் உள்ளே படிகிறது. ஆகவே, ஐப்பசி மழையில் நிறுத்தி வைப்பதாக இருந்தால், முதலில் தூசைத் தட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத உறையில் மூடி வையுங்கள்.