காய் இருக்கிறது, பருப்பைக் காணோம்

செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "இரண்டரை ஏக்கர் செம்மண். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக மல்லாட்டை (நிலக்கடலை) போட்டேன். செடி முழங்கால் உயரம், கரும்பச்சை. பிடுங்கினால் காய் நிறைய இருந்தது. உரித்தால் பாதிக்கு மேல் பொக்கு. அடியுரமாக டிஏபி, விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கி நுனியில் காய் பிடிக்கிற காம்பு) இறங்கும்போது 17:17:17 காம்ப்ளக்ஸ் இரண்டு மூட்டை, அப்புறம் கடைக்காரர் கொடுத்த கால்சியம் டானிக் இரண்டு தடவை தெளித்தேன். இப்போது மார்கழிப் பட்டத்தில் இறவையாகப் போட்டு 28 நாள் ஆகிறது. உரத்தை இன்னும் எவ்வளவு கூட்டலாம்? ஜிப்சம் போடு என்கிறார்கள். அது உவர் நிலத்துக்குத்தானே? என் நிலம் உவர் இல்லையே?"

உரத்தைக் கூட்டவே வேண்டாம். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கையில் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போன பருவத்தில் குறைந்தது கால்சியம். நிலத்தில் எங்குமே இல்லாமல் போயிருக்க வேண்டும் என்பதில்லை. காய் கிடக்கிற மேல் இரண்டு மூன்று அங்குல மண்ணில் இல்லாமல் போயிருந்தாலே பொக்குதான்.

நெல்லோ கம்போ வேர் எடுத்துக் கொடுப்பதை வைத்து மணி பிடித்துவிடும். மல்லாட்டை அப்படியில்லை. வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறுகிறது. தண்ணீரை இழுப்பது வெயிலில் காய்கிற இலை. இலைக்குப் போன கால்சியம் அங்கேயே தங்கிவிடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இலையிலிருந்து விழுது வழியாகக் காய்க்கு இறங்கி வரும், கால்சியம் வராது. மண்ணுக்குள் இருக்கிற காய் ஆவி விடுவதில்லை, அதனால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிற சக்தியும் அதற்கு இல்லை. அப்படியானால் அதற்குக் கால்சியம் எங்கிருந்து கிடைக்கும்? தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்திலிருந்து தோல் வழியாகத் தானே எடுத்துக்கொள்கிறது. 1949ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கதிரியக்கக் கால்சியத்தை வேர்ப் பக்கம் தனியாகவும் காய்ப் பக்கம் தனியாகவும் கொடுத்து இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டிவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் டானிக் கணக்கும் புரிந்துவிடும். இலையில் தெளித்த கால்சியம் காய்க்கு இறங்காது. அந்தப் பணம் போனது போனதுதான், இந்தத் தடவை வாங்காதீர்கள்.

காம்ப்ளக்ஸ் அதைவிடக் கெடுதல் செய்திருக்கும். அதில் உள்ள பொட்டாஷும் அமோனியமும் மண்துகளில் உட்கார இடம் பிடிப்பதிலும், காய்த்தோல் வழியாக உள்ளே போவதிலும் கால்சியத்தோடு போட்டி போடும். அதையும் சரியாக விழுது இறங்குகிற சமயத்தில் மேலாகத் தூவியிருக்கிறீர்கள். பொட்டாஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை, மல்லாட்டைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது அடியுரமாக, உழவோடு கீழே போக வேண்டும். செடி கரும்பச்சையாக வளர்ந்தது தழைச்சத்தின் வேலை. ஆள் பார்த்துவிட்டு "பயிர் நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார், மண்ணுக்குள் நடப்பது அவருக்கும் தெரியாது நமக்கும் தெரியாது.

"மண்வள அட்டையில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று அடுத்து கேட்பீர்கள். 2015ல் தொடங்கிய அந்த அட்டையில் 12 அளவுகள் இருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம். கால்சியம் அந்தப் பன்னிரண்டில் கிடையாது. எனவே அட்டை எதுவும் சொல்லவில்லை என்பதால் கால்சியம் இருக்கிறது என்று ஆகிவிடாது. மணல் கலந்த செம்மண்ணில் ஒரு நல்ல மழை பெய்தாலே மேல்மண்ணில் இருப்பது கீழே கழுவிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று. முன்பெல்லாம் மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட்தான் போடுவார்கள். சூப்பரில் ஏறக்குறைய பாதி ஜிப்சம், அதாவது கால்சியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு. கால்சியமும் கந்தகமும் கேட்காமலே மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூட்டை குறைவு, சுமப்பது எளிது என்று டிஏபிக்கு மாறினோம். டிஏபியில் கால்சியமும் இல்லை, கந்தகமும் இல்லை. அடுத்த பருவம் மல்லாட்டை போட்டால் அடியுரத்தை சூப்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஜிப்சம். உவர் நிலத்தில் போடுவதும் இதே பொருள்தான், வேலைதான் வேறு. அங்கே சோடியத்தை விரட்டப் போடுகிறோம், இங்கே காய்க்கு உணவாகப் போடுகிறோம். சுண்ணாம்பைப் போல இது மண்ணின் கார நிலையை ஏற்றாது, சுண்ணாம்பைவிட வேகமாகத் தண்ணீரில் கரையும். கூடவே கந்தகமும் வருகிறது. எண்ணெய்ச் சத்துக்கு அது வேண்டும்.

ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது எக்டருக்கு 400 கிலோ என்பது நம் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. வழக்கமாகப் பாதியை அடியுரமாகவும் பாதியை 40 முதல் 45ஆம் நாளிலும் பிரித்துப் போடலாம். நீங்கள் அடியுரமாக எதுவும் போடவில்லை என்பதால் முழுவதையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 40ஆம் நாள் வாக்கில் களை வெட்டி முடித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது, தூளாக உள்ள ஜிப்சத்தைச் செடியின் தூரை ஒட்டி இரண்டு பக்கமும் தூவுங்கள். வயல் முழுக்க வீசி இறைக்க வேண்டாம், சாலுக்கு நடுவில் விழுவது காய்க்கு உதவாது. தூவிய கையோடு மண் அணைத்து, லேசாக ஒரு தண்ணீர் விடுங்கள். அதற்குப் பிறகு களைக்கொத்து வயலுக்குள் போகவே கூடாது. களை இருந்தால் கையால் பிடுங்குங்கள். இறங்கிய விழுது ஒரு முறை அறுந்தால் அந்தக் காய் போச்சு.

ஒரு முறை என் நிலத்தில் வேலை மிச்சம் என்று முழு ஜிப்சத்தையும் கடைசி உழவில் ஆழமாகப் புரட்டிவிட்டேன். வேருக்கு நல்ல விருந்து. காய் பட்டினி கிடந்தது, அந்த வருடம் ஆய்ந்ததில் பொக்கு குறையவே இல்லை.

ஜிப்சம் போட்டும் தண்ணீரில் கோட்டைவிட்டால் பலன் இருக்காது. கால்சியம் ஈரத்தோடுதான் காய்க்குள் போகும். மேல் இரண்டு அங்குலம் காய்ந்து கிடந்தால், கீழே வேருக்குத் தண்ணீர் கிடைத்துச் செடி வாடாமல் நிற்கும். காய் மட்டும் உலர்ந்த மண்ணில் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஆடி மானாவாரியில் விழுது இறங்கிய பிறகு மழை இடைவெளி விட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். இந்தப் பருவத்தில் இறவை கையில் இருக்கிறது. 45 முதல் 80ஆம் நாள் வரை செடியைப் பார்த்துத் தண்ணீர் கட்டாதீர்கள், தூரில் விரலை விட்டுப் பார்த்துக் கட்டுங்கள்.

எல்லாப் பொக்கும் கால்சியத்தால் வருவதில்லை. போன பருவத்துக் காய் வீட்டில் மிச்சம் இருந்தால் ஒரு கைப்பிடி எடுத்து உரித்துப் பாருங்கள். பருப்பை இரண்டாகப் பிளந்தால் முனையில் இருக்கிற குட்டி முளை கருத்திருக்கிறதா? அது கால்சியம். முளை நன்றாக இருந்து, பருப்பின் நடுவில் பழுப்பாகக் குழி விழுந்திருக்கிறதா? அது போரான். போரானுக்கு அட்டையில் அளவு இருக்கும். குறைவு என்று இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை ஜிப்சத்தோடு கலந்து சீராகப் போடுங்கள். கூடினால் அது பயிருக்கு விஷம், அட்டை பார்க்காமல் போட வேண்டாம். பருப்பு பிடித்த காயிலும் ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாகவே இருந்தால் உரத்தின் மேல் பழி போடாதீர்கள், முற்றும் முன்பே பிடுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஜிப்சம் தூவும்போது வயலின் நடுவில் இரண்டு சால் வரிசையை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு முனையிலும் குச்சி நட்டு வையுங்கள். அறுவடையில் அந்த இரண்டையும், பக்கத்து இரண்டு வரிசையையும் தனித்தனியாக ஆய்ந்து, உரித்துப் பருப்பை எடை போட்டுப் பாருங்கள். எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.