முருகைக்கல் தொட்டியில் இறால்: கேட்டவையும் சொன்னவையும்

திருகோணமலையில் வீட்டுக்குள் முருகைக்கல் (உயிருள்ள பவளம்) வளர்க்கும் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் எல்லோரும் கேட்பது இறாலைப் பற்றி. வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

உப்புவெளியில் ஒரு தம்பி: அண்ணா, நேற்று ஒரு கிளீனர் இறால் விட்டேன். காலையில் பார்த்தால் கல்லுக்கடியில் வெள்ளையாகச் செத்துக் கிடக்கிறது. தண்ணீர் பழுதா?

எடுத்துப் பார்த்தீர்களா? உள்ளே சதை இல்லாமல் கண்ணாடிக் கூடு மாதிரி இருந்தால் அது பிணமில்லை, கழற்றிய சட்டை. புது ஓடு இறுகும்வரை இறால் ஒரு பொந்துக்குள் ஒளிந்திருக்கும். கல்லைப் புரட்டித் தேட வேண்டாம். அந்த நேரம் அதன் உடம்பு பஞ்சு.

அதே தம்பி, மறுநாள்: ராத்திரி வெளியே வந்துவிட்டது அண்ணா!

சந்தோஷம்.

நிலாவெளியில் ஒரு அக்கா: கடல் வாசலிலேயே இருக்கிறது. தொட்டிக்கான உப்புத் தூள் வாங்கிக் கரைக்க வேண்டுமா, கடல் தண்ணீரையே ஊற்றலாமா?

ஊற்றலாம் அக்கா, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் காலமும் இடமும் பார்க்க வேண்டும். மாரியில் மகாவலி கொட்டியாரக்குடாவுக்குள் வந்து விழுகிறது. அப்போது அந்தப் பக்கத்து மேல் தண்ணீர் உப்புக் குறைந்து கலங்கலாக இருக்கும். துறைமுகப் பக்கம் எண்ணெய் மினுங்கும். மழையில்லாத நாட்களில் உங்கள் பக்கத்துத் தெளிந்த தண்ணீரை அள்ளி, மூடிய பீப்பாயில் சில நாள் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு, உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.025 நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

இன்னொன்று. கச்சான் வீசுகிற மாதங்களில் தொட்டித் தண்ணீர் கண்முன்னே இறங்கும். இறங்கிய அளவுக்குக் கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ வடிகட்டித் தண்ணீர். உப்பு மெல்ல ஏறினால் முருகைக்கல் கொஞ்சம் பொறுக்கும். திடீரென்று இறங்கினாலோ ஏறினாலோ இறால் பொறுக்காது.

பாடசாலை மாணவர் ஒருவர்: நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவில் சின்னத் துண்டு முருகைக்கல் உடைந்து கிடந்தால் எடுத்து வரலாமா? செத்ததுதான்.

கூடாது. 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. உயிருள்ளதோ செத்ததோ, அங்கிருந்து எடுப்பது குற்றம். தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது அவர்கள் வளர்த்ததில் ஒரு கிளை கேளுங்கள். அநேகமாகச் சும்மாவே தருவார்கள். எங்களுக்கும் இடம் போதாது.

மூதூரிலிருந்து: கடையில் பெப்பர்மின்ட் இறால் என்று வாங்கினேன். தொல்லை தரும் கண்ணாடிக் கடற்சாமந்தியைத் தின்னும் என்றார்கள். அது சாமந்தியை விட்டுவிட்டு என் ஸோஅந்தஸை (முருகைக்கல்லோடு வளர்க்கும், பூப் போல விரியும் உயிர்) கிள்ளுகிறது.

மூக்கைப் பாருங்கள். மேலும் கீழும் அசைகிற கூர்மூக்கு, பெரிய கண், சிவப்பு உடம்பில் தடித்த வெள்ளைக் கோடுகள் என்றால் அது கேமல் இறால். பார்க்க அழகு, முருகைக்கல்லோடு ஆகாது. உண்மையான பெப்பர்மின்டும் சாமந்தியைத் தின்றே தீரும் என்று யாரும் எழுதித் தர முடியாது. வயிறு நிறைந்திருந்தால் திரும்பியும் பார்க்காது.

திருமலை நகரிலிருந்து ஒருவர்: மீன்களுக்கு ஒன்றுமில்லை, முருகைக்கல்லும் விரிந்தே இருக்கிறது. இறால் மட்டும் நான்கும் ஒரே நாளில் செத்துவிட்டன. மீனுக்கு மருந்தும் போடவில்லை.

மருந்து என்றதும் செம்பைத்தான் முதலில் நினைப்போம். வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மீன் தாங்குகிற அளவே இறாலுக்கு விஷம். அது இல்லையென்றால் நான் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு உங்கள் தெருவில் டெங்குப் புகை அடித்தார்களா? வீட்டில் யாராவது நுளம்பு ஸ்பிரே அடித்தார்களா?

நானும் இப்படித்தான் இழந்தேன். நுளம்பு மருந்துகளில் வழக்கமாக இருப்பது பைரித்ராய்டு வகை. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள், ஒன்றைக் கொல்வது மற்றதையும் விடாது. புகை அடித்த அன்று நான் யன்னலை எல்லாம் பூட்டினேன். ஆனால் காற்று மோட்டரை நிறுத்த மறந்துவிட்டேன். அது அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தது. பின்னேரம் இறால்கள் மல்லாந்து கால் உதறின. இப்போது டெங்குப் புகை அடிக்க வரும் வண்டியின் சத்தம் கேட்டாலே காற்று மோட்டரை நிறுத்தி, தொட்டியைத் துணியால் மூடிவிடுவேன். தண்ணீரை அசைக்கும் மோட்டர் மட்டும் ஓடும். நீங்கள் பாதித் தண்ணீரை மாற்றி, வடிகட்டியில் புதுச் செயற்படுத்திய கரி போடுங்கள். சில வாரம் பொறுத்து ஒரே ஒரு இறாலை விட்டுப் பாருங்கள்.

கிண்ணியாவில் ஒரு தங்கச்சி: புது இறாலைப் பையோடு மிதக்கவிட்டால் போதாதா?

சூடு சமனாகும், உப்புச் சமனாகாது. வாளியில் ஊற்றி, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

உப்புவெளித் தம்பி திரும்பவும்: இப்போது அது முருகைக்கல்லின் வாய்க்குள் கையை விட்டுச் சாப்பாட்டை இழுக்கிறது!

கள்ளன்தான். முதலில் மறுபக்கத்தில் இறாலுக்குப் போடுங்கள். பிறகு பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் முருகைக்கல்லை மூடி, போத்தலின் வாய் வழியாக ஊட்டுங்கள். விழுங்கியதும் எடுத்துவிடலாம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: இவ்வளவு இறால் வளர்க்கிறீர்கள், இறால் குழம்பு சாப்பிடுவீர்களா?

சாப்பிடுவேன். மஞ்சள் உப்புப் போடுமுன் ஒரு துண்டைக் கழுவி, பொடியாக நறுக்கி, தொட்டிக்கும் போடுகிறேன். உங்களுக்கு வந்த சந்தேகம் அவற்றுக்கு வந்ததில்லை.